கல்லிலிருந்து இறகுவரை: சிறிய இறகு டைனோசர்களை மீட்டு வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கும் ஓர் எலும்பு. அதன் பின்விளிம்பில் சீரான இடைவெளி விட்டு ஆறு சிறிய மேடுகள். மங்கோலியாவில் கிடைத்த, வெலாசிராப்டர் என்ற சிறிய வேட்டை டைனோசரின் எலும்பு அது. 2007-இல் ஆய்வாளர்கள் ஆலன் டர்னர், பீட்டர் மகோவிக்கி, மார்க் நோரல் மூவரும் அந்த மேடுகளைப் பற்றி எழுதினார்கள். இன்றைய பறவைகள் பலவற்றுக்கும் அதே இடத்தில் அதே மாதிரி மேடுகள் உண்டு. இறக்கையின் பெரிய இறகுகளின் அடி, எலும்போடு கட்டப்படும் இடம் அது. அந்த எலும்பு புதைந்திருந்த கல்லில் ஓர் இறகுகூடப் பதியவில்லை. ஆனாலும் அந்தக் கையில் இறகு வரிசை இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. மேடுகளின் இடைவெளியை வைத்து முன்கையில் 14 இறகுகள் இருந்திருக்கும் என்றும் கணக்கிட்டார்கள்.

அழிந்துபோன ஒரு விலங்கை மீட்டு வரைவதன் அழகு எனக்கு இந்த ஆறு மேடுகளில்தான் இருக்கிறது. நாம் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் மூன்று வகையாக இருக்கலாம். கல்லே சொன்னது ஒன்று. நெருங்கிய உறவுள்ள வேறொரு விலங்கு சொன்னது இன்னொன்று. நானாக ஊகித்தது மூன்றாவது. மூன்றுமே ஒரு படத்தில் வரத்தான் செய்யும், அதில் தவறில்லை. ஆனால் எது எந்த வகை என்று வரைபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் மூன்று நிறப் பென்சில் வைத்துக்கொண்டு முதல் வரைவைப் போடுவேன்: கல் சொன்னதற்குக் கறுப்பு, உறவினர் சொன்னதற்கு நீலம், ஊகத்துக்குச் சிவப்பு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்று பென்சிலையும் எப்படிப் பிடிப்பது என்பதுதான்.

படி 1: ஒரு விலங்கு, ஒரு மாதிரி

"ஒரு ராப்டர் வரையலாம்" என்று தொடங்கினால் கடைசியில் எந்த விலங்கும் வராது. ஓர் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் விவரமாக ஆய்வு செய்யப்பட்ட ஒரு குறிப்பிட்ட மாதிரியை, அதாவது தனியொரு விலங்கின் புதைபடிவத்தை, தேர்ந்தெடுங்கள்.

முதல் முயற்சிக்கு நான் மூன்றைப் பரிந்துரைப்பேன். 1996-இல் அறிவிக்கப்பட்ட சைனோசாராப்டெரிக்ஸ். பறவை அல்லாத ஒரு டைனோசரின் உடலைச் சுற்றி இறகு போன்ற இழைகள் இருப்பதை உலகம் முதலில் பார்த்தது இதில்தான். அடுத்தது மைக்ரோராப்டர். காகத்தை ஒத்த உடல், நீண்ட வால், கைகளிலும் கால்களிலும் பெரிய இறகுகள். மூன்றாவது ஆங்கியோர்னிஸ். சுமார் 16 கோடி ஆண்டு பழையது, கோழியைவிடச் சிறியது. மூன்றுமே வடகிழக்குச் சீனாவின் லியாவோநிங் மாகாணத்தைச் சேர்ந்தவை.

ஏன் லியாவோநிங்? அங்கே எரிமலைகளும் ஏரிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இறந்த விலங்கு ஏரியின் அடியில் மிக நுண்ணிய சேற்றிலும் சாம்பலிலும் சீக்கிரம் மூடப்பட்டது. நுண்ணிய துகள் என்பதால் இறகின் இழைகூடத் தடம் விட்டது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: உடல் அப்பளம்போல் நசுங்கிவிட்டது. மங்கோலியாவின் மணற்கற்களில் நடந்தது நேர்மாறு. அங்கே எலும்புகள் உருக்குலையாமல், முழுப் பரிமாணத்தோடு கிடைக்கின்றன. ஆனால் இறகு தங்குவதில்லை. அதனால் மண்டையோட்டின் அகலம் தெரிய மங்கோலியாவையும், இறகின் நீளம் தெரிய லியாவோநிங்கையும் பார்க்க வேண்டியிருக்கும். இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வதெல்லாம் நீலப் பென்சில் வேலை.

படி 2: கல் உண்மையானதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். 1999-இல் 'ஆர்க்கியோராப்டர்' என்ற பெயரில் ஒரு கல் உலகப் புகழ் பெற்றது. உடல் பறவையைப் போல, வால் டைனோசரைப் போல. நடுவில் விடுபட்டிருந்த கண்ணி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆய்வாளர் திமதி ரோ எடுத்த சி.டி. ஸ்கேனில் துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. அப்புறம் சீன ஆய்வாளர் சூ ஷிங் சீனாவில் வேறொரு கல்லைப் பார்த்தார். அந்த வாலின் மறுபாதி அதில் இருந்தது, ஆனால் அதோடு சேர்ந்திருந்த உடல் வேறு. முன்பாதி யானோர்னிஸ் என்ற பழங்காலப் பறவை, வால் மைக்ரோராப்டர் என்று பிறகு தெளிவானது. இரண்டுமே தனித்தனியாக அருமையான படிவங்கள். ஒட்டியதால் இரண்டும் கெட்டன.

படிவக் கல்லைப் பிளக்கும்போது பெரும்பாலும் இரண்டு பலகைகள் கிடைக்கும், ஒன்று மற்றதன் அச்சு. இரண்டின் படங்களும் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லின் வெடிப்புக் கோடு எலும்பைக் கடந்து இயல்பாகப் போகிறதா, இல்லை எலும்பின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிடுகிறதா? பசை பூசிய திட்டுகள், வண்ணம் தீட்டிய எலும்புகள் ஏதும் இருக்கின்றனவா? ஆய்வுக் கட்டுரையில் எலும்புகளைக் கோட்டுப்படமாகப் போட்டு, உடைந்ததையும் சேர்க்கப்பட்டதையும் கோடிட்டுக் காட்டியிருப்பார்கள். வெறும் புகைப்படத்தைவிட அந்தக் கோட்டுப்படம்தான் நம் வேலைக்கு உதவும்.

படி 3: எலும்புக்கூட்டை நிமிர்த்துங்கள்

கல்லில் கிடப்பது விலங்கு இறந்து கிடந்த நிலை. கழுத்து பின்னோக்கி வளைந்து தலை முதுகைத் தொடப் போவதுபோல் இருக்கும். அதை அப்படியே நகலெடுக்கக் கூடாது. ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியாக அளந்து, பக்கவாட்டுத் தோற்றத்தில், நடக்கும் நிலையில் அடுக்க வேண்டும். தொடை எலும்பை ஓர் அலகாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் விகிதமாகக் குறித்தால் தவறு குறையும்.

இந்தப் படியில் நான் அடிக்கடி பார்க்கும் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கை. உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கும்படி வரைகிறார்கள். இந்த விலங்குகளின் முன்கை எலும்புகள் அப்படித் திரும்பாது. கைதட்டுவதற்குத் தயாராக இருப்பவரைப்போல் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும். மணிக்கட்டில் பிறைவடிவ எலும்பு ஒன்று உண்டு. அதனால் கை பக்கவாட்டில் மடங்கும், பறவை இறக்கையை மடக்குவதன் தொடக்கம் அது. நான் வரைந்த முதல் வெலாசிராப்டரிலும் இந்தப் பிழை இருந்தது. அதைத் திருத்தியபோது விலங்கின் முகபாவமே மாறியதுபோல் இருந்தது எனக்கு.

அடுத்தது காலின் இரண்டாவது விரல். அரிவாள் நகம் இருப்பது இதில்தான். நடக்கும்போது இந்த விரல் தரையைத் தொடாமல் மேலே தூக்கியிருக்கும். சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் கிடைத்த காலடித் தடங்களில் இரண்டு விரல்களின் பதிவு மட்டுமே முழுமையாக இருப்பது இதற்குச் சாட்சி.

வால். டிரோமியோசார் குடும்பத்தில் (வெலாசிராப்டர், மைக்ரோராப்டர், டைனானிகஸ் எல்லாம் இதில் வரும்) வால் எலும்புகளிலிருந்து மெல்லிய குச்சிகள் நீண்டு வாலை விறைப்பாக்குகின்றன. அதற்காக இரும்புக்கம்பிபோல் வரைய வேண்டாம். ஒரு வெலாசிராப்டர் மாதிரியில் வால் பக்கவாட்டில் மெதுவாக வளைந்தபடியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அடிப்பகுதி நன்றாக அசையும், நுனிநோக்கிப் போகப்போக விறைப்பு கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவும் முக்கியம். வெலாசிராப்டர் மூக்கிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 2 மீட்டர், ஆனால் இடுப்பு உயரம் அரை மீட்டர்தான். நீளத்தின் பெரும்பங்கு வால். ஆளுயர வேட்டை விலங்காக அது பலர் மனதில் பதிந்திருக்கிறது. ஜான் ஆஸ்ட்ரம் 1964-இல் மொன்டானாவில் கண்டெடுத்து 1969-இல் பெயரிட்ட டைனானிகஸ் இதைவிடப் பெரியது, 3 மீட்டருக்கு மேல் நீளம். அதுவும் ஆளுயரம் இல்லை.

படி 4: தசையும் தோலும்

எலும்பின் மேல் தோலை இழுத்துப் போர்த்தியதுபோல் வரைவது பழைய பழக்கம். மண்டையோட்டின் ஒவ்வொரு துளையும் முகத்தில் குழியாகத் தெரியும். உயிருள்ள எந்தப் பறவையும் அப்படி இருப்பதில்லை. உரித்த கோழியையும் இறகோடு நடமாடும் கோழியையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழுத்தின் தடிமனில் மட்டும் எவ்வளவு வித்தியாசம்!

இங்கே கறுப்புப் பென்சிலுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 2017-இல் ஆங்கியோர்னிஸ் படிவங்கள்மீது இருட்டில் லேசர் ஒளியைச் செலுத்திப் படமெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மென்திசுவின் விளிம்பு ஒளிர்ந்தது. பருத்த தொடை, மெல்லிய வால், பாதத்தின் அடிமெத்தைகள், தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே பறவைகளுக்கு இருப்பதுபோன்ற தோல்மடிப்பு என்று எல்லாம் தெரிந்தன. கை மடங்கியிருக்கும்போது முழங்கையின் முன்பக்கம் வெறும் வளைவாக இருக்காது, அந்த மடிப்பு நிரப்பியிருக்கும். சிறிய இறகு டைனோசர் எதை வரைந்தாலும் இந்த ஒரு மாதிரியைத் தொட்டுவிட்டுத்தான் நான் தொடங்குவேன்.

படி 5: இறகு

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது.

முதலில் எந்த வகை இறகு என்று முடிவு செய்யுங்கள். எல்லா இறகு டைனோசருக்கும் ஒரே இறகு இல்லை. சைனோசாராப்டெரிக்ஸ் உடலில் இருந்தது மயிர்போன்ற எளிய இழைகள். அதற்கு இறக்கை வரைந்தால் பெரும் பிழை. டிரோமியோசார்களுக்கும் ஆங்கியோர்னிஸுக்கும் நடுத்தண்டும் இருபுறம் தகடுபோல் விரியும் இழைகளும் கொண்ட முழு இறகுகள் இருந்தன, உடலில் அடர்ந்த தூவியும் இருந்தது.

அடுத்தது எங்கிருந்து முளைக்கின்றன என்பது. இங்கேதான் பெரும்பாலான படங்கள் தடுமாறுகின்றன. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கொஞ்சம் இறகை ஒட்டிவிட்டு, கையை வெறும் பல்லிக் கையாக விட்டுவிடுகிறார்கள். பறவையின் இறக்கையில் மிக நீண்ட இறகுகள் கையிலிருந்து, அதிலும் இரண்டாம் விரலின் வரிசையிலிருந்துதான் வருகின்றன. மைக்ரோராப்டரிலும் அப்படித்தான். நகங்கள் இறகுகளுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், விரல்களின் பின்பக்கம் இறகுதான்.

"பறக்காத விலங்குக்கு ஏன் இவ்வளவு பெரிய இறக்கை?" என்று தயங்கி இறகைச் சுருக்குபவர்கள் உண்டு. அவர்கள் ஷென்யுவான்லாங்கைப் பார்க்க வேண்டும். 2015-இல் லூ ஜுன்சாங்கும் ஸ்டீவ் புருசாட்டும் அறிவித்த இந்த விலங்குக்கு உடல் பெரிது, கைகள் குட்டை, பறந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அடுக்கடுக்கான பெரிய இறகுகளோடு முழு இறக்கைகள் கல்லில் அப்படியே இருக்கின்றன. இறக்கை பறப்பதற்கு மட்டும்தான் என்ற நம் எண்ணத்தை அந்தக் கல் ஒப்புக்கொள்ளவில்லை.

மைக்ரோராப்டரின் கால் இறகுகள் தனிக் கவனம் கேட்கும். 2003-இல் சூ ஷிங் குழு நான்கு இறக்கை கொண்ட மாதிரிகளை வெளியிட்டபோது அதைப் பலர் தட்டான்பூச்சிபோல் நான்கு இறக்கையையும் தட்டையாக விரித்து வரைந்தார்கள். இடுப்பு மூட்டு அதற்கு இடம் கொடுக்காது, தொடையை அவ்வளவு தூரம் பக்கவாட்டில் விரிக்க முடியாது. காலை உடலுக்குக் கீழேயே வைத்து, பாதத்தின் மேற்பகுதியிலிருந்து இறகுகள் பின்னோக்கிப் போகும்படி வரையுங்கள். வால் நுனியில் வைரவடிவ இறகு விசிறி. ஆங்கியோர்னிஸுக்கு அந்த விசிறி இல்லை, வாலின் நீளம் முழுக்க ஓலைபோல் இறகுகள்.

மூன்றாவது, நீளம். கல்லில் எலும்பைச் சுற்றிக் கருமையான ஓர் ஒளிவட்டம்போல் இறகு பதிந்திருக்கும். அதன் அகலத்தை அளந்து அப்படியே உடலைச் சுற்றிப் போட்டுவிடாதீர்கள். உயிரோடு இருக்கும்போது இறகு படிந்து கிடக்கும், நசுங்கும்போது சிலிர்த்து நிற்பதுபோல் பரவும். ஒரே இடத்தில் பல இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தினால் முழு இறகுகூட வெறும் இழைக்கொத்தாகத் தெரியும். ஒளிவட்டத்தில் இழையின் சாய்வைப் பாருங்கள், அது எந்தத் திசையில் படிந்திருந்தது என்பதற்கான குறிப்பு அதில் இருக்கும்.

தனி இறகின் அமைப்பு முப்பரிமாணத்தில் வேண்டுமென்றால் 2016-இல் வெளியான அம்பர் வால் இருக்கிறது. மியான்மரின் கச்சின் பகுதியில் கிடைத்த, சுமார் 9.9 கோடி ஆண்டு பழைய மரப்பிசின் துண்டு. உள்ளே ஒரு சிறிய டைனோசரின் வால், இறகோடு. மேல்பக்கம் பழுப்பு, கீழ்ப்பக்கம் வெளிர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றுவிடும். அதே நேரம் அந்த அம்பர் சுரங்கங்கள் ஆயுத மோதல் நடக்கும் பகுதியில் இருக்கின்றன. வெளியான ஆய்வுகளைப் படிக்கலாம், வரையலாம். ஆனால் ஆர்வத்தில் அம்பர் துண்டு வாங்கப் போகாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

படி 6: நிறம்

"டைனோசர் என்ன நிறம் என்று எப்போதும் தெரியப்போவதில்லை" என்று பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். 2010-இல் அது பழைய கதையாகிவிட்டது.

இறகில் நிறமியைச் சுமக்கும் நுண்பைகள் உண்டு, மெலனோசோம் என்று பெயர். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்பு, சாம்பல் நிறம் தருபவை நீண்ட குச்சிபோலவும், செம்பழுப்பு தருபவை உருண்டையாகவும் இருக்கும். இந்த வடிவங்கள் கல்லிலும் தங்கிவிடுகின்றன. அப்படித்தான் சைனோசாராப்டெரிக்ஸின் வால் செம்பழுப்பும் வெளிருமாக வளையம் வளையமாக இருந்தது என்று தெரிந்தது. 2017-இல் இன்னும் ஒரு படி: நிறமி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் போட்டுப் பார்த்ததில் முதுகு அடர்த்தி, வயிறு வெளிர், கண்ணைச் சுற்றி முகமூடிபோல் ஒரு கரும்பட்டை. மைக்ரோராப்டருக்கு 2012-இல் கிடைத்த விடை காகத்தின் மினுமினுப்பு, வெயிலில் திரும்பும்போது நீலம் ஓடும் கறுப்பு. 2018-இல் அறிவித்த கைஹாங் என்ற இறகு டைனோசரின் தலையிலும் கழுத்திலும் தட்டையான நுண்பைகள் இருந்தன. ஓசனிச்சிட்டுகளின் (ஹம்மிங்பேர்ட்) வானவில் பளபளப்பை நினைவூட்டும் அமைப்பு அது. பெயரின் பொருளும் வானவில்தான்.

இப்போது எச்சரிக்கை. மெலனின் மட்டுமே இப்படித் தடம் விடுகிறது. பறவைகளின் மஞ்சளும் பல சிவப்புகளும் வேறு நிறமிகளால் வருபவை, அவற்றுக்கு நுண்பை இல்லை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் நுண்பைகள் சுருங்கவும் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாதிரியின் நிறத்தை முழு இனத்தின் நிறமாக எடுத்துக்கொள்வது ஆபத்து. ஆங்கியோர்னிஸ்தான் நல்ல உதாரணம். 2010-இல் ஒரு மாதிரியின் 29 இடங்களில் எடுத்த துணுக்குகளை வைத்து சாம்பல் கறுப்பு உடல், கரும்நுனி கொண்ட வெள்ளை இறக்கை இறகுகள், செம்பழுப்புக் கொண்டை என்று முழு உடலையும் வண்ணம் தீட்டினார்கள். 2015-இல் வேறொரு மாதிரியின் கொண்டையைப் பார்த்தால் செம்பழுப்பின் தடயமே இல்லை. வயதா, ஆண் பெண் வேறுபாடா, வேறு இனமா, ஆய்வு முறையா? எதுவாகவும் இருக்கலாம். அதனால் சிவந்த கொண்டையை வரையும்போது எந்த மாதிரி என்று சொல்லியே வரைய வேண்டும்.

வெலாசிராப்டருக்கு நிறம் பற்றி எந்தத் தடயமும் இல்லை. அது மணல்மேடுகளில் வாழ்ந்தது, பதுங்கி வேட்டையாடும் அளவு கொண்டது. நான் மணலோடு கலக்கும் பழுப்பைத்தான் எடுப்பேன். முழுக்கச் சிவப்புப் பென்சில்.

படி 7: நிலை, செயல், சூழல்

பாய்வதும் கர்ஜிப்பதும் அலுத்துவிட்டது. கல்லில் பதிந்த நடத்தைகளே இவ்வளவு இருக்கும்போது ஏன் கற்பனையில் தேட வேண்டும்?

2004-இல் பெயரிடப்பட்ட மெய் லாங் என்ற சிறிய டைனோசர்: கால்களை மடக்கி, தலையை முன்கைக்கு அடியில் செருகி, வாலால் உடலைச் சுற்றிக்கொண்டு உறங்கும் நிலையிலேயே கிடைத்தது. பறவை தூங்குவது போலவே. மைக்ரோராப்டரின் வயிற்றில் பறவை, மீன், பல்லி, பாலூட்டியின் பாதம் என்று வெவ்வேறு மாதிரிகளில் வெவ்வேறு இரை கிடைத்திருக்கின்றன. அந்தப் பல்லிக்கு 2019-இல் இந்திராசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். விருத்திரன் இந்திரனை விழுங்கிய கதையை நினைத்து வைத்த பெயர் அது. பல்லி முழுதாக, தலை முதலில் போயிருக்கிறது. இது கல் சொன்னது, கறுப்புப் பென்சிலால் வரையலாம்.

1971-இல் போலந்து மங்கோலியக் கூட்டுக் குழு கண்டெடுத்த, சண்டையிட்டபடியே புதைந்த ஜோடி இன்னொன்று. வெலாசிராப்டரின் வலது கை, செடி தின்னும் டைனோசரான புரோட்டோசெராடாப்ஸின் அலகுக்குள் சிக்கியிருக்க, வெலாசிராப்டரின் கால்நகம் எதிரியின் தொண்டைப் பக்கம். அரிவாள் நகம் வயிற்றைக் கிழிக்கத்தான் என்ற பழைய கருத்தை 2005-இல் இயந்திரக் காலை வைத்துச் சோதித்தபோது நகம் குத்தியது, கிழிக்கவில்லை. 2011-இல் டென்வர் ஃபவுலரும் மற்றவர்களும் பருந்துகளோடு ஒப்பிட்டு, சிறிய இரையைக் காலால் மண்ணோடு அழுத்திப் பிடிக்கவே அந்த நகம் என்று வாதிட்டார்கள். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது: இரையின்மேல் ஏறி நின்று, சமநிலைக்காக இறக்கையை அடித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறிய வேட்டை விலங்கு. பறக்காத இறக்கைக்கும் அதில் ஒரு வேலை கிடைக்கிறது.

சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புல்வெளி போடாதீர்கள். மைக்ரோராப்டருக்கு ஊசியிலை மரங்கள், கிங்கோ, பெரணிகள், ஏரிக்கரை. வெலாசிராப்டருக்கு மணல்மேடும் குறைந்த செடிகளும்.

படி 8: படத்தின் பின்னால் எழுதுங்கள்

முடித்ததும் மூன்று பென்சிலுக்கும் ஒவ்வொன்றாக மூன்று பட்டியல்களைப் படத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். எந்த மாதிரி, எந்த ஆண்டு ஆய்வு, எந்த உறுப்பு எங்கிருந்து எடுத்தது. படத்தை வெளியில் பகிரும்போதும் அதைக் கூடவே கொடுங்கள். புதிய கல் வரும்போது எந்தக் கோட்டை மட்டும் அழித்தால் போதும் என்று அப்போதுதான் தெரியும். என் ஆங்கியோர்னிஸ் படத்தின் பின்னால் தொடைக்கு நேரே "லேசர், 2017" என்று கறுப்பில் இருக்கிறது. கண்ணின் நிறத்துக்கு நேரே சிவப்பில் "நான்". கொண்டைக்கு நேரே "2010 மாதிரி மட்டும்" என்று எழுதி, பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறேன்.